ஒரே வீட்டில் இரண்டு விழிப்பு

எங்கள் வீட்டில் தூக்கம் வராதவர்கள் இரண்டு பேர். எனக்கு ஆங்சைட்டி. மருத்துவச் சீட்டில் பதற்றக் கோளாறு என்று இருக்கும். என் தம்பிக்கு ஏடிஹெச்டி. சின்ன வயதில் ‘வாலு’ என்றும் வளர்ந்த பிறகு ‘பொறுப்பில்லாதவன்’ என்றும் பெயர் வாங்கியவன். அது ஒரு கவனக் கோளாறு என்பது முப்பது வயதைத் தாண்டிய பிறகு ஒரு மனநல மருத்துவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. நடு ராத்திரி தாண்டியும் இரண்டு பேர் அறையிலும் ஆள் முழித்திருக்கும் அரவம் கேட்கும்.

அம்மா இரண்டு பேருக்கும் ஒரே வைத்தியம்தான் சொல்வாள். “அந்த போனைத் தூக்கி வச்சிட்டு, எதையும் நினைக்காம கண்ணை மூடிப் படு. தானா வரும்.” அக்கறையில் சொல்வதுதான். படுத்த ஐந்தாவது நிமிஷம் தூங்கிவிடுகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். அவர்களுக்கு அது தானாகத்தானே வருகிறது.

நான் சொல்ல வருவது இதுதான்: நான் விழித்திருப்பதும் என் தம்பி விழித்திருப்பதும் ஒன்றில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். காலையில் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி கண் எரியும். ஆனால் உள்ளே நடப்பது வேறு வேறு. எனக்கு உதவியது அவனுக்கு உதவவில்லை. அவனுக்குச் சரிப்பட்டதை நான் செய்தால் எனக்கு இன்னும் மோசமாகும். இந்த வித்தியாசம் தெரியாமல் ஒரே அறிவுரையை எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி, அது பலிக்காதபோது, தூங்காதவர் மேலேயே பழி போட்டுவிடுகிறோம்.

முதலில் தூக்கம் எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம். சூரிச் நகரில் ஆராய்ச்சி செய்த அலெக்சாண்டர் போர்பெலி 1982-இல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். இன்றுவரை தூக்க ஆராய்ச்சி அதன் மேல்தான் நிற்கிறது. தூக்கத்துக்கு இரண்டு விஷயங்கள் கூடிவர வேண்டும். ஒன்று, விழித்திருக்கும் நேரம் ஏற ஏறச் சேரும் தூக்க அழுத்தம். அடினோசின் என்கிற பொருள் மூளையில் கூடிக்கொண்டே போவது இதில் பெரிய பங்கு. இரண்டாவது, உடம்புக்குள் இருக்கும் கடிகாரம். வெளிச்சத்தைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொண்டு, இருட்டிய பிறகு மெலடோனினைச் சுரக்கவைத்து, ‘ராத்திரி ஆயிற்று’ என்று உடம்புக்குச் சொல்வது அது. அழுத்தமும் இருந்து கடிகாரமும் ஒத்துக்கொண்டால் தூக்கம் வரும்.

காபி செய்வது என்ன என்றால், அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் காஃபீன் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. அழுத்தம் குறைவதில்லை, தெரியாமல் போகிறது. குடித்த காஃபீனில் பாதி உடம்பிலிருந்து வெளியேற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் கூடும் குறையும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு டம்ளர் ஃபில்டர் காபி குடித்தால், பதினோரு மணிக்குப் படுக்கப் போகும்போது அதில் பாதி இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். இது எல்லோருக்கும் பொது என்பதால் இங்கேயே சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

இனி என் கதை.

பதற்றம் உள்ளவர்களுக்குத் தூக்க அழுத்தம் இல்லாமல் இல்லை. ராத்திரி ஒன்பதரைக்கு சோபாவில் டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது தலை சாயும், வாயில் கொட்டாவி, கையிலிருக்கும் ரிமோட் நழுவும். ‘போய்ப் படு’ என்று யாராவது எழுப்பிவிடுவார்கள். எழுந்து போய்ப் படுக்கையில் சாய்ந்ததும் பளிச்சென்று முழிப்புத் தட்டும். இந்த நோய் உள்ளவர்கள் இதைப் படிக்கிறபோது தலையாட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். அசதி இருக்கிறது, நேரமும் ஆகிவிட்டது, ஆனாலும் உள்ளே ஒரு காவல்காரன் தூங்க மறுக்கிறான். அவன் வேலையே ஆபத்து வருகிறதா என்று பார்ப்பது. அவனைத் தூங்கு என்று சொன்னால் எப்படித் தூங்குவான்?

பகலில் ஆபீஸ், சமையல், பஸ், போன் என்று ஏதாவது ஒன்று பதற்றத்தை அமுக்கி வைத்திருக்கும். விளக்கை அணைத்ததும் வரிசையாக வரும். கேஸை மூடினேனா, அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்கினோமா, மத்தியானம் மேலாளர் ‘பார்க்கலாம்’ என்று சொன்னாரே அதற்கு என்ன அர்த்தம், லோன் தவணைக்குப் பணம் இருக்கிறதா. இதெல்லாம் ஒரு கட்டம்வரைதான். ஏதோ ஒரு நேரத்தில் கவலை இடம் மாறி, தூக்கத்தைப் பற்றியே கவலையாக ஆகிவிடும். ‘மணி ஒன்று. இப்போது தூங்கினாலும் ஐந்து மணி நேரம்தான். நாளைக்கு மீட்டிங்கில் உளறப்போகிறேன்.’ மறுபடி மணி பார்ப்பது. இப்போது ‘நாலரை மணி நேரம்தான்.’ அதோடு நெஞ்சு படபடக்கும். படபடப்பில் தூக்கம் இன்னும் தள்ளிப் போகும்.

அல்லிசன் ஹார்வி என்கிற உளவியல் ஆய்வாளர் 2002-இல் இந்தச் சுழலைத் தெளிவாக எழுதிவைத்தார். தூக்கம் வராது என்ற கவலை உடம்பைக் கிளப்பிவிடுகிறது; கிளம்பிய உடம்பு, ‘நான் தூங்குகிறேனா இல்லையா’ என்று தன்னையே கண்காணிக்க ஆரம்பிக்கிறது; கடிகாரத்தைப் பார்ப்பது, இதயத் துடிப்பைக் கவனிப்பது எல்லாம் அந்தக் கண்காணிப்புதான்; கவனிக்கக் கவனிக்கத் தூங்காத நேரம் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. தூக்கமின்மை உள்ளவர்களைக் கருவி பொருத்தித் தூங்கவைத்துப் பார்த்தால், பலர் தாங்கள் நினைத்ததைவிட அதிக நேரம் தூங்கியிருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ‘நேற்று பொட்டுத் தூக்கமில்லை’ என்று நான் நம்பிய ராத்திரிகளிலும் நடுநடுவே கண் அசந்திருக்கலாம்.

தூங்காத மறுநாள் பதற்றம் கூடுவது கற்பனை இல்லை. 2007-இல் மாத்யூ வாக்கரும் அவரோடு வேலை செய்தவர்களும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட 35 மணி நேரம் தூங்காமல் இருந்தவர்களுக்கு மனதைக் கலக்கும் படங்களைக் காட்டி மூளையைப் படம் பிடித்தார்கள். பயத்துக்கு முதலில் பதறும் அமிக்டலா என்கிற பகுதி, தூங்கியவர்களைவிட 60 சதவீதம் கூடுதலாகத் துடித்தது. அதை அடக்கி வைக்கிற முன்மூளையோடு அதற்கு இருக்கும் தொடர்பும் தளர்ந்திருந்தது. பதற்றத்தால் தூக்கம் போகிறது, தூக்கம் போனதால் பதற்றம் ஏறுகிறது. எது முதலில் வந்தது என்று தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை. எந்தப் பக்கம் பிடித்தாலும் சுழலை நிறுத்தலாம் என்பதுதான் முக்கியம்.

எனக்குப் புரிய நாளான விஷயம் ஒன்று உண்டு. தூக்கம் முயற்சிக்குக் கட்டுப்படாது. படிப்பு, வேலை, சமையல் எல்லாவற்றிலும் கூடுதல் முயற்சிக்குக் கூடுதல் பலன் உண்டு. பதற்றம் உள்ளவர்கள் பெரும்பாலும் முயற்சியாலேயே வாழ்க்கையைச் சமாளிப்பவர்கள். ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்ப்பவர்கள். அந்தப் பழக்கத்தைத் தூக்கத்திலும் காட்டினால் அது ஓடிவிடும். விக்டர் ஃபிராங்கல் என்ற மனநல மருத்துவர் இதற்காகவே தலைகீழான ஒரு வழியைச் சொன்னார். படுத்துக்கொண்டு, ‘தூங்கக்கூடாது, விழித்தே இருப்பேன்’ என்று கண்ணைத் திறந்து வைத்திருப்பது. 1970-களில் இருந்து இதைத் தூக்கமின்மைக்குச் சோதித்திருக்கிறார்கள். தூங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் போனதும் காவல் தளர்கிறது. கேட்க விசித்திரமாக இருக்கும், எனக்குப் பலித்தது.

இப்போது தம்பி.

அவனுக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பயமோ கவலையோ கிடையாது. சொல்லப்போனால் அவன் முகம் தெளிவாக இருப்பதே அப்போதுதான். பகலில் ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் எழுத முடியாமல் தவித்தவன், பதினோரு மணிக்கு மேல் மூன்று மணி நேர வேலையை உட்கார்ந்து முடிப்பான். வீடு அடங்கியிருக்கும், போன் மணி அடிக்காது, யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். “அக்கா, பகல் பூரா மத்தவங்களுக்காக ஓடினேன். இந்த நேரம் ஒண்ணுதான் எனக்கு. இதையும் தூங்கியே கழிக்கச் சொல்றியா?” என்று ஒரு தடவை கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இதில் இரண்டு மூன்று விஷயங்கள் சேர்ந்திருக்கின்றன. முதலாவது, கடிகாரம். ஏடிஹெச்டி உள்ளவர்களில் பெரும்பகுதியினருக்கு உடம்பின் கடிகாரமே பின்தங்கி ஓடுகிறது. நெதர்லாந்தில் பெரியவர்களின் ஏடிஹெச்டியை நீண்ட காலமாக ஆராயும் மனநல மருத்துவர் சாண்ட்ரா கோயும் அவர் குழுவினரும் இதை அளந்து பார்த்தார்கள். ராத்திரி மெலடோனின் ஏற ஆரம்பிக்கும் நேரம் இவர்களுக்கு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் தள்ளியிருந்தது. உடம்பு இன்னும் சாயங்காலத்தில் இருக்கும்போது ஒருவரைத் தூங்கச் சொன்னால் தூங்க முடியாது. காலை ஆறு மணி நமக்குக் காலையாக இருக்கலாம். அவன் உடம்புக்கு அது இன்னும் விடியாத நேரம்.

இரண்டாவது, நிறுத்துவது. தூங்கப் போவது என்பது ஒரு காரியத்தை நிறுத்திவிட்டு இன்னொன்றை ஆரம்பிப்பது. பல் தேய்க்க வேண்டும், விளக்கை அணைக்க வேண்டும், போனைச் சார்ஜில் போட வேண்டும். ஒன்றும் பெரிய வேலையில்லை, ஆனால் ஒவ்வொன்றையும் ஆரம்பிப்பதுதான் இந்தக் கோளாறு தடுக்கிற இடம். “தூங்கணும்னு தெரியும்க்கா. கண்ணெல்லாம் சொருகுது. எந்திரிச்சு லைட்டை அணைக்கிறதுதான் நடக்க மாட்டேங்குது” என்பான். இதைச் சோம்பல் என்று எண்ணுகிறவர்கள் ஒரு நாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃப்ளோர் குரூஸும் குழுவினரும் 2014-இல், எந்த வெளிக்காரணமும் இல்லாமல் படுக்கப் போவதைத் தள்ளிப்போடும் பழக்கத்தைத் தனியாக ஆராய்ந்து எழுதினார்கள். தன்னைக் கட்டுப்படுத்தும் திறன் குறையும் இடத்தில் அந்தப் பழக்கம் அதிகம். ஏடிஹெச்டியின் மையமே அந்தத் திறனில் உள்ள குறை.

மூன்றாவது, உடம்பு. ஏடிஹெச்டியோடு கால் அமைதியின்மை அடிக்கடி சேர்ந்து வரும். படுத்ததும் காலுக்குள் ஏதோ ஊர்வதுபோல, இழுப்பதுபோல இருக்கும். காலை ஆட்டினால்தான் நிம்மதி. மூளையில் இரும்புச்சத்து குறைவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். நம் நாட்டில் இதைச் சாதாரணமாக விட்டுவிட முடியாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தூக்கம் வரவில்லை என்று மருத்துவரிடம் போகும்போது கால் இப்படி இழுக்கிறது என்றால் அதையும் சொல்லுங்கள், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்க்கச் சொல்வார். கவனக் கோளாறுக்கும் தூக்கத்துக்கும் உள்ள உறவு மருத்துவ உலகத்துக்கே ஒரு காலத்தில் தெளிவாகத் தெரிந்திருந்தது. 1980-இல் வந்த அமெரிக்க மனநலக் கையேட்டில், கவனக் கோளாறுள்ள குழந்தைகளின் அறிகுறிகளில் ஒன்றாகத் தூக்கத்தில் அதிகமாகப் புரள்வதும் இருந்தது. 1987 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். எடுத்தது தப்பு என்றே நான் நினைக்கிறேன். பட்டியலில் இல்லாததை யாரும் கேட்பதில்லை.

மாத்திரையின் நேரமும் உண்டு. ஏடிஹெச்டிக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் கவனத்தைத் தூண்டும் மருந்து. மத்தியானத்துக்கு மேல் எடுத்தால் சிலருக்குத் தூக்கம் கெடும். வேறு சிலருக்கு, மருந்தின் வேலை முடிந்து இறங்கும் நேரத்தில் பரபரப்பு கூடி அதனால் கெடும். இரண்டுக்கும் தீர்வு வேறு. அதனால் மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாமல், எத்தனை மணிக்கு எடுத்தீர்கள், எத்தனை மணிக்குப் பரபரப்பு வந்தது என்று எழுதிக் காட்டுவது நல்லது.

என் மனம் பொறுக்காத ஒரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் விடியற்காலையில் எழுவது ஒழுக்கத்தின் அடையாளம். ஐந்து மணிக்கு டியூஷன், நாலு மணிக்கு எழுப்பிப் படிக்கவைப்பது, ‘அதிகாலையில் படிச்சாத்தான் மனசுல நிக்கும்’ என்ற பேச்சு. பதின்ம வயதில் எல்லாப் பிள்ளைகளுக்குமே கடிகாரம் பின்னால் தள்ளிப்போகும். கவனக் கோளாறுள்ள பிள்ளைக்கு அது இன்னும் அதிகம். ராத்திரி ஒரு மணிக்குத்தான் தூக்கம் பிடிக்கிற பிள்ளையை ஐந்து மணிக்கு எழுப்பினால் அதற்குக் கிடைப்பது நாலு மணி நேரம். தூக்கம் குறைந்தால் கவனம் இன்னும் சிதறும், ஞாபகம் போகும், எரிச்சல் வரும். வகுப்பில் திட்டு விழும். ‘இன்னும் சீக்கிரம் எழுப்பு’ என்பார்கள். என் தம்பி வளர்ந்தது இப்படித்தான். எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், அன்பாகவே ஒரு பிள்ளையின் தூக்கத்தைப் பிடுங்க முடியும்.

குழந்தைகளைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. குழந்தை வாயைத் திறந்துகொண்டு தூங்கினால், குறட்டை விட்டால், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால், முதலில் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். டான்சில், அடினாய்டு வீங்கி மூச்சு அடைபடும் குழந்தைகள் பெரும்பாலும் பகலில் தூங்கி வழிவதில்லை. ஓடுவார்கள், குதிப்பார்கள், ஒன்றில் நிற்கமாட்டார்கள். பார்க்க ஏடிஹெச்டி மாதிரியே இருக்கும்.

இதுவரை நானும் தம்பியும் இரண்டு தனி ஆட்கள் என்று எழுதினேன். நிஜத்தில் பலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். 2006-இல் வெளியான ஓர் அமெரிக்கக் கணக்கெடுப்பில், ஏடிஹெச்டி உள்ள பெரியவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்குப் பதற்றக் கோளாறு ஏதாவது ஒன்றும் இருந்தது. ஒருவருக்கே கடிகாரமும் பின்தங்கி, காவலும் ஓயாமல் இருந்தால் ராத்திரி எவ்வளவு நீளம் என்று எண்ணிப் பாருங்கள்.

சரி, என்ன செய்யலாம்?

தீராத தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை இல்லை. அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது: பெரியவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டியது சிபிடி-ஐ என்று சுருக்கமாகச் சொல்லும், தூக்கமின்மைக்கான அறிவுசார் நடத்தைச் சிகிச்சை. ஐரோப்பிய வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. பதற்றத்துக்கு இது எந்த அளவு உதவும் என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று 2017-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு. பிரிட்டன் முழுக்க 26 பல்கலைக்கழகங்களில் தூக்கமின்மையுள்ள 3,755 மாணவர்களைச் சேர்த்தார்கள். ஒரு பாதிக்கு இணையம் வழியாக இந்தச் சிகிச்சை. தூக்கம் தேறியது, கூடவே பதற்றமும் மனச்சோர்வும் அர்த்தமில்லாத சந்தேகங்களும் குறைந்தன. தூக்கத்தை மற்ற நோயின் வால் என்று நினைத்து, ‘அது சரியானா இதுவும் சரியாகும்’ என்று காத்திருக்க வேண்டியதில்லை.

இந்தச் சிகிச்சையில் ஒரு பகுதி ரிச்சர்ட் பூட்சின் 1972-இல் சொன்னது. படுக்கை தூங்க மட்டும்தான். தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும். தூக்கம் சொருகும்போது திரும்பி வர வேண்டும். நாள்கணக்கில் படுக்கையில் புரண்டதால் ‘படுக்கை என்றால் விழிப்பு’ என்று மூளை பழகியிருக்கும். அந்தப் பழக்கத்தை உடைக்கத்தான் இது.

வேறு அறைக்குப் போ என்றால், நம் ஊரில் எத்தனை வீட்டில் அதற்கு ஒரு அறை இருக்கிறது? ஹாலில் தாத்தா படுத்திருப்பார், அடுப்படியில் விளக்கைப் போட்டால் குழந்தை எழுந்துவிடும். மேலைநாட்டுப் புத்தகங்களில் இதைப் படிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி எனக்கு வரும். ஆனால் அவர்களிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. பாய். கட்டிலை நகர்த்த முடியாது, பாயைச் சுருட்ட முடியும். பாயை விரித்தால் தூக்கம், சுருட்டினால் விழிப்பு. எங்கள் பாட்டி வீட்டில் விடிந்ததும் எல்லாப் பாயும் சுருண்டு மூலையில் நின்றுவிடும். பகலில் எவரும் அதில் உட்கார்ந்து கணக்கு எழுதியதும் இல்லை, போன் பேசியதும் இல்லை. என்னைப் பார்த்த கவுன்சலரிடம் இதைச் சொன்னபோது, “தாராளமா செய்யுங்க, நமக்கு வேண்டியது அதேதான்” என்றார். இருபது நிமிஷம்போலத் தோன்றியும் தூக்கம் வராவிட்டால் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, அதே அறையில் சுவரோரம் நாற்காலியில், மங்கலான விளக்கில் உட்கார்ந்துவிடுவேன். மணி பார்ப்பதில்லை. சுவர்க் கடிகாரத்தை அந்த அறையிலிருந்தே எடுத்தாயிற்று. கட்டிலில் படுப்பவர்கள் ஒரு பக்கமாகத் தலையணையைச் சாய்த்து எழுந்து உட்காரலாம். எழுந்ததும் உடம்பின் நிலை மாற வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது ஆர்தர் ஸ்பீல்மன் 1987-இல் வகுத்த முறை. எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்து ஐந்தரை மணி நேரமே தூங்குகிறீர்கள் என்றால், படுக்கையில் இருக்கும் நேரத்தையே ஏறக்குறைய அந்த அளவுக்குக் குறைப்பது. எழும் நேரம் தினமும் ஒன்றே, ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. படுத்திருக்கும் நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூங்க ஆரம்பித்த பிறகு கால் மணி கால் மணியாகக் கூட்டுவது. ஐந்து மணி நேரத்துக்குக் கீழே இறக்குவதில்லை. முதல் சில நாட்கள் கடினம், பகலில் கண் சொருகும். வலிப்பு நோய் உள்ளவர்கள், இருமுனைக் கோளாறு உள்ளவர்கள், வண்டி ஓட்டுவதே தொழிலாக இருப்பவர்கள் மருத்துவர் துணையில்லாமல் இதில் இறங்கக் கூடாது. மற்றவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்வேன், இதைவிட வேலை செய்த ஒன்று எனக்கு இல்லை.

கவலைக்காரர்களுக்கு ஒரு சின்ன வழி. அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் 57 பேர் படுக்கும் முன் ஐந்து நிமிஷம் எழுதினார்கள். ஒரு பாதி, முடித்த வேலைகளை எழுதியது. மறுபாதி, நாளைக்குச் செய்ய வேண்டியவற்றை எழுதியது. நாளைய வேலையை எழுதியவர்கள் சுமார் ஒன்பது நிமிஷம் முன்னதாகத் தூங்கினார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம். ஒன்பது நிமிஷம் குறைவுதான் என்று தோன்றலாம், நெஞ்சு படபடக்கும் ராத்திரியில் அது குறைவில்லை.

தம்பிக்கு இவற்றில் பாதி ஒத்துவரவில்லை. பாயைச் சுருட்டி உட்கார்ந்தால் அவன் புதிதாக ஒரு வேலையை ஆரம்பித்துவிடுவான். அவனுக்கு வழி கடிகாரத்தின் பக்கம்தான். காலையில் எழுந்ததும் மொட்டை மாடியில் வெயிலில் நின்று பல் தேய்ப்பது. காலை வெளிச்சம் கடிகாரத்தை முன்னால் இழுக்கும், ராத்திரி வெளிச்சம் பின்னால் தள்ளும். சாயங்காலத்துக்கு மேல் வீட்டில் ட்யூப் லைட் எரிவதில்லை. மருத்துவர் யோசனைப்படி சின்ன அளவு மெலடோனின். இதைத் தூக்க மாத்திரையாக நினைத்துப் படுக்கும்போது போட்டுக்கொள்வதில் பெரிய பயனில்லை. கடிகாரத்தை நகர்த்தச் சில மணி நேரம் முன்னதாக எடுக்க வேண்டும். சாண்ட்ரா கோயின் குழு 2021-இல் வெளியிட்ட ஆய்வில் வெறும் அரை மில்லிகிராம் மெலடோனின் கடிகாரத்தைக் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் முன்னால் கொண்டுவந்தது, ஏடிஹெச்டி அறிகுறிகளும் ஓரளவு குறைந்தன. நிறுத்திய இரண்டு வாரத்தில் பழையபடி ஆனதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். இது தொடர்ந்து கவனிக்க வேண்டிய விஷயம்.

நிறுத்துவதற்கு வெளியாள் துணை வேண்டும். பத்தே முக்காலுக்கு நான் போய் “பல் தேய்ச்சுட்டு வா” என்பேன். தூங்கு என்று சொல்வதில்லை, ஒரு சின்ன வேலையை மட்டும் சொல்வேன். அதைச் செய்துவிட்டால் மற்றது தானாக நகரும். ஆபீஸில் பேசி வேலை நேரத்தைப் பத்தரைக்கு மாற்றிக்கொண்டதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி. கோளாறை முழுக்க ஆள் மேலேயே சுமத்தாமல், நேரத்தையும் கொஞ்சம் வளைத்தால் என்ன குறைந்துவிடும்?

மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. அல்பிரசோலம், குளோனசெபாம் மாதிரியான மாத்திரைகள் சில நாள் நெருக்கடியைத் தாண்ட உதவும். மாதக்கணக்கில் எடுத்தால் உடம்பு பழகிவிடும், அளவு கூட்ட வேண்டிவரும், திடீரென்று நிறுத்தினால் முன்னைவிட மோசமான விழிப்பும் பதற்றமும் வரும், சிலருக்கு வலிப்புக்கூட வரலாம். மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். ‘எனக்கு நல்லா தூக்கம் வந்துச்சு, நீயும் அரை மாத்திரை போட்டுப் பாரு’ என்று சொந்தக்காரர் கொடுப்பதை வாங்காதீர்கள். ஏற்கெனவே நெடுநாள் எடுப்பவர்கள் பயப்பட வேண்டாம், மருத்துவர் உதவியோடு மெல்ல மெல்லக் குறைக்கலாம். சாராயத்தைத் தூக்க மருந்தாக எண்ணுபவர்களுக்கும் சொல்கிறேன்: அது சீக்கிரம் அசத்தும், பின்ராத்திரித் தூக்கத்தை உடைக்கும்.

மனநல மருத்துவரிடம் எப்படிப் போவது, முதலில் யாரிடம் பேசுவது என்று தயங்குபவர்களுக்கு மத்திய அரசின் டெலி மனஸ் இருக்கிறது. 2022 அக்டோபர் 10-இல் ஆரம்பித்தது, எண் 14416. இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

மருத்துவரிடம் போவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், உத்தேசமாக எப்போது தூக்கம் பிடித்தது, நடுவில் எத்தனை தடவை எழுந்தீர்கள், காலையில் எப்போது எழுந்தீர்கள், காபி கடைசியாக எப்போது, மாத்திரை எப்போது. இதைக் காலையில் எழுதுங்கள், ராத்திரியில் கடிகாரம் பார்த்து எழுத வேண்டாம். விடுமுறை நாட்களுக்குத் தனியாகக் குறியிடுங்கள். எழுப்ப ஆளில்லாத நாளில் இரண்டு மணிக்குப் படுத்துப் பத்து மணிவரை நிம்மதியாகத் தூங்குகிறீர்கள் என்றால் சிக்கல் கடிகாரத்தில் இருக்கலாம். லீவு நாளிலும் அதே புரளல், அதே நாலு மணி விழிப்பு என்றால் காவலில் இருக்கலாம். நோட்டைப் பார்த்து மருத்துவர் கேட்கும் முதல் கேள்வியும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.